ஆலமரத்தடிக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

தமிழ் விக்கிப்பீடியாவில் கணக்குத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் உங்கள் பேச்சுப் பக்கத்தில் "வாருங்கள்" என்று ஒரு வரவேற்பு வந்து நிற்கும். அதிலுள்ள இணைப்புகளை யாரும் பெரிதாகத் திறப்பதில்லை. நேராக ஏதோ ஒரு கட்டுரைக்குப் போவோம். அங்கே 'சனவரி' என்று எழுதியிருக்கும். ஊரே ஜனவரி என்று எழுதும்போது இது என்ன கூத்து என்று திருத்திவிட்டு வருவோம். மறுநாள் பார்த்தால் பழையபடி சனவரி. உடனே எல்லோரும் கூடிப் பேசும் பொதுப் பக்கமான ஆலமரத்தடிக்குப் போய், "இதையெல்லாம் இங்கே யார் முடிவு செய்கிறார்கள்?" என்று ஒரு கேள்வி.

கேள்வி நியாயமானதுதான். ஆனால் தமிழ் விக்கிப்பீடியா தொடங்கியது 2003-ல். இத்தனை ஆண்டுகளில் இதே கேள்வியை, ஏறக்குறைய இதே கோபத்தோடு, எத்தனையோ பேர் கேட்டுவிட்டார்கள். இன்று கட்டுரைகள் ஒன்றரை லட்சத்தைத் தாண்டிவிட்டன. அவற்றைக் கவனித்துக்கொள்ளும் நிர்வாகிகளோ சில பத்துப் பேர்தான். எல்லோரும் சம்பளமில்லாமல், வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபிறகு உட்காருகிறவர்கள். அவர்களிலும் ஆலமரத்தடியில் பதில் சொல்ல வருவது பெரும்பாலும் அதே நாலு பேர். ஒரு பழைய கேள்விக்கு மறுபடியும் முதலிலிருந்து பதில் எழுத அரை மணி நேரம் ஆகும் என்றால், அந்த அரை மணி நேரம் ஏதோ ஒரு கட்டுரையிலிருந்து போகிறது.

அதற்காக வாயை மூடிக்கொண்டு இருங்கள் என்று சொல்லவில்லை. பழைய கேள்வியைக் கேட்பதில் தவறே இல்லை. முன்பு பேசியதைப் படிக்காமல், புதிதாக ஒன்றும் கொண்டுவராமல் கேட்பதுதான் மற்றவர்களைச் சோர்வடையச் செய்கிறது. இந்த இரண்டையும் செய்துவிட்டு வந்தீர்களானால் இருபது ஆண்டுப் பழைய விவாதத்தைக்கூடத் தாராளமாகத் திறக்கலாம். எப்படி என்று பார்ப்போம்.

எந்தப் பக்கத்தில் கேட்பது

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒரு கட்டுரையில் உள்ள ஒரு தகவல் பற்றி என்றால், அந்தக் கட்டுரையின் மேலே இருக்கும் 'உரையாடல்' இணைப்பைத் தட்டி, அதன் பேச்சுப் பக்கத்திலேயே கேளுங்கள். படத்தை எப்படிச் சேர்ப்பது, அட்டவணை ஏன் உடைகிறது போன்ற செய்முறைச் சிக்கல் என்றால் ஒத்தாசைப் பக்கம். தளம் முழுவதையும் பாதிக்கிற விஷயம், அதாவது பெயரிடும் முறை, கொள்கை, போட்டி, பயிற்சி என்றால் ஆலமரத்தடி. குறிப்பிட்ட ஒருவர் செய்த தொகுப்பு (மாற்றம்) பற்றி அவரிடமே கேட்க வேண்டும் என்றால் அவருடைய பேச்சுப் பக்கம்.

ஒரே கேள்வியை இந்த நான்கு இடங்களிலும் ஒட்டிவிட்டு, போதாக்குறைக்கு முகநூல் குழுவிலும் போடாதீர்கள். நான்கு பேர் நான்கு இடத்தில் நான்கு விதமாகப் பதில் சொல்வார்கள். பிறகு எந்தப் பதிலை வைத்துக்கொள்வது என்று இன்னொரு விவாதம் தொடங்கும்.

பேசுவதற்கு முன் எவ்வளவு நாள் கேட்பது

விக்கிப்பீடியா வருவதற்கு முன்பே இந்தத் தலைவலி இருந்தது. 1980-களில் யூஸ்நெட் என்ற உரையாடல் வலையமைப்பு பெரும்பாலும் பல்கலைக்கழகங்களுக்குள்தான் இருந்தது. ஆண்டுதோறும் செப்டம்பரில் அமெரிக்கக் கல்லூரிகளில் புது மாணவர்கள் சேர்ந்ததும் அங்கே ஒரே அமளியாகும். வந்தவர்கள் அதே கேள்விகளைக் கேட்பார்கள், திட்டு வாங்குவார்கள், ஒரு மாதத்தில் பழகிவிடுவார்கள். பிறகு அமெரிக்கா ஆன்லைன் போன்ற நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளர்களுக்கெல்லாம் அந்த வாசலைத் திறந்துவிட்டதும் புதியவர்களின் வரத்து நிற்கவே இல்லை. 1993-ல் தொடங்கிய செப்டம்பர் இன்னும் முடியவில்லை என்று பழைய ஆட்கள் சொல்லத் தொடங்கியது அப்போதுதான். அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளையும் பதில்களையும் தொகுத்து, குறிப்பிட்ட இடைவெளியில் திரும்பத் திரும்ப வெளியிடும் வழக்கம் வேரூன்றியதும் அங்கேதான்.

1995 அக்டோபரில் இன்டெல் நிறுவனத்தைச் சேர்ந்த சாலி ஹாம்பிரிட்ஜ் எழுதிய இணைய நடத்தை வழிகாட்டி ஒன்று வெளியானது. ஒரு குழுவில் எதையும் எழுதுவதற்கு முன் ஒன்று முதல் இரண்டு மாதம் வரை சும்மா படித்துக்கொண்டிருங்கள் என்பது அதில் ஒரு அறிவுரை. என்னைக் கேட்டால், தமிழ் விக்கிப்பீடியாவுக்கு அவ்வளவு தேவையில்லை. இரண்டு மாதம் சும்மா இருக்கச் சொன்னால் ஆர்வமே வடிந்துவிடும். ஒரு வாரம் போதும். ஆனால் அந்த ஒரு வாரம் கட்டுரைகளில் எழுத்துப்பிழை திருத்துங்கள், மணல்தொட்டி என்ற பயிற்சிப் பக்கத்தில் எழுதிப் பழகுங்கள், தினமும் பத்து நிமிடம் அண்மைய மாற்றங்களைப் பாருங்கள். யார் எந்தத் துறையில் எழுதுகிறார், யார் எதற்குப் பதில் சொல்கிறார், எந்தத் தொனியில் சொல்கிறார் என்பதெல்லாம் அதிலேயே பிடிபட்டுவிடும்.

பழைய விவாதத்தைத் தேடிப் பிடிப்பது

இதுதான் பலருக்கும் தெரியாத வேலை. "தேடிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை" என்று உண்மையாகவே தேடிவிட்டுச் சொல்கிறவர்களும் உண்டு. காரணம், விக்கிப்பீடியாவின் தேடல் பெட்டி வழக்கமாகக் கட்டுரைகளுக்குள் மட்டுமே தேடும். பேச்சுப் பக்கங்களை எட்டிக்கூடப் பார்க்காது.

தேடல் முடிவுகள் வரும் பக்கத்திலேயே எந்தெந்தப் பெயர்வெளிகளில், அதாவது எந்தெந்த வகைப் பக்கங்களில், தேட வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கிறது. அதில் 'பேச்சு', 'விக்கிப்பீடியா', 'விக்கிப்பீடியா பேச்சு' மூன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆலமரத்தடியில் நடந்தவையும் கொள்கைப் பக்கங்களும் 'விக்கிப்பீடியா' பெயர்வெளிக்குள்தான் இருக்கின்றன.

அடுத்தது தமிழுக்கே உரிய தொல்லை. 'கிரந்தம்' என்று தேடினால் 'கிரந்தத்தை', 'கிரந்தத்தின்', 'கிரந்தமும்' என்று எழுதப்பட்டவையெல்லாம் கைநழுவிப் போகலாம். சொல்லின் அடியை மட்டும் தட்டி இறுதியில் ஒரு நட்சத்திரக் குறி போடுங்கள். 'கிரந்த*' என்றால் அந்த எழுத்துகளில் தொடங்கும் எல்லாச் சொற்களும் வரும். எழுத்துக்கூட்டலையும் மாற்றி மாற்றித் தேடுங்கள்: ஜூலை, சூலை, ஸ்ரீலங்கா, சிறீலங்கா, இலங்கை. விவாதித்தவர்களே ஆளுக்கொரு விதமாகத்தான் எழுதியிருப்பார்கள். அவர்கள் சண்டையே அதைப் பற்றித்தானே.

நீண்ட பேச்சுப் பக்கங்களில் பழைய உரையாடல்களை எடுத்துத் தனிக் காப்பகப் பக்கங்களில் போட்டிருப்பார்கள். பக்கத்தின் மேற்பகுதியில் அவற்றுக்கு இணைப்பு இருக்கும். அதுவும் கிடைக்கவில்லையென்றால், கொள்கைப் பக்கம் ஒன்றைத் திறந்து, பக்கப்பட்டையில் உள்ள 'இப்பக்கத்தை இணைத்தவை' என்பதைத் தட்டிப் பாருங்கள். அந்தக் கொள்கையை எந்தெந்த விவாதங்களில் சுட்டியிருக்கிறார்கள் என்று வரிசையாக வந்துவிடும். கட்டுரையின் 'வரலாறு' இன்னொரு புதையல். ஒரு பெயர் இரண்டு மூன்று முறை நகர்த்தப்பட்டிருந்தால், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் பக்கத்தில் ஒரு சிறு குறிப்பு இருக்கும். "பேச்சுப் பக்கம் பார்க்க" என்று இருந்தால், பிடித்துவிட்டீர்கள்.

கிடைத்த உரையாடலை முடிவு மட்டும் பார்க்காமல் முழுவதும் படியுங்கள். பாதிக்குமேல் எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் உங்கள் மனத்தில் உள்ள வாதத்தை யாராவது ஏற்கெனவே வைத்திருக்கிறாரா, அதற்கு என்ன பதில் வந்தது என்பதைத் தெரிந்துகொள்ள வேறு வழி இல்லை.

அடிக்கடி திரும்பி வரும் விவாதங்கள்

ஆங்கில விக்கிப்பீடியாவில் இதற்கென்றே ஒரு பக்கம் வைத்திருக்கிறார்கள். திரும்பத் திரும்ப முன்மொழியப்பட்டுத் திரும்பத் திரும்ப நிராகரிக்கப்பட்ட யோசனைகளின் பட்டியல் அது. விளம்பரம் போட்டுப் பணம் சம்பாதிக்கலாமே, கணக்கு இல்லாதவர்களைத் தொகுக்க விடக்கூடாது, பிரித்தானிய எழுத்துக்கூட்டலா அமெரிக்க எழுத்துக்கூட்டலா, எதையாவது ஒன்றைத் தளம் முழுக்க வையுங்கள் என்பன போன்றவை. ஒவ்வொன்றுக்கும் கீழே ஏன் ஏற்கவில்லை என்ற காரணமும் இருக்கும். தயிர் பற்றிய அவர்களுடைய கட்டுரைத் தலைப்பில் (Yoghurt / Yogurt) ஹெச் என்ற எழுத்து வருமா வராதா என்று பல ஆண்டுகள் அடித்துக்கொண்டார்கள். 2011-ல்தான் அந்த எழுத்து இல்லாத வடிவத்தில் போய் முடிந்தது. ஆகவே நம்மவர்கள்தான் இப்படி என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

தமிழில் முதலிடம் கிரந்த எழுத்துகளுக்கு. மாதப் பெயர் சனவரி, சூலை என்று இருக்கும். அதே தளத்தில் 'ஜெ. ஜெயலலிதா' என்ற கட்டுரையில் ஜ அப்படியே இருக்கும், 'மு. க. ஸ்டாலின்' என்பதில் ஸ் இருக்கும், 'ஏ. ஆர். ரகுமான்' என்பதில் ஹ இருக்காது. புதிதாகப் பார்க்கிறவருக்கு இது ஒழுங்கே இல்லாத வேலையாகத் தோன்றும். உள்ளே போய்ப் படித்தால், பொதுச்சொற்களில் இயன்றவரை தவிர்க்கலாம் என்பவர்கள், ஒருவர் தன் பெயரை எப்படி எழுதுகிறாரோ அப்படியே வைக்க வேண்டும் என்பவர்கள், முழுக்க விலக்க வேண்டும் என்பவர்கள், தாராளமாக எழுதலாம் என்பவர்கள் என்று நான்கு கட்சிகள் உண்டு என்பதும், இப்போது தளத்தில் இருப்பது அவர்களுக்குள் கட்டுரைக்குக் கட்டுரை ஏற்பட்ட சமரசம் என்பதும் தெரியும். எனக்கும் இதில் ஒரு கட்சி உண்டு. அது இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லை.

அடுத்து தமிழ்நாட்டு வழக்கும் இலங்கை வழக்கும். தமிழ்நாட்டில் வேதியியல் என்று படித்தவர் இரசாயனவியல் என்ற சொல்லைப் பார்த்ததும் 'பிழை' என்று திருத்துவார். இலங்கையில் படித்தவர் இயற்பியல் என்ற இடத்தில் பௌதிகவியல் போட நினைப்பார். தமிழ் விக்கிப்பீடியாவை முன்னின்று வளர்த்தவரான இ. மயூரநாதன் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவர் என்பதையும், முதலிலிருந்தே இரு நாட்டவரும் புலம்பெயர்ந்தவர்களும் சேர்ந்து எழுதிய இடம் இது என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டால் பாதிக் கோபம் குறையும். இலங்கை தொடர்பான கட்டுரையில் பாடசாலை, வைத்தியசாலை என்று இருந்தால் கைவைக்காதீர்கள். உங்கள் சொல்லைத் தேடி வருபவருக்கும் கட்டுரை கிடைக்க வேண்டும் என்பதுதான் கவலையென்றால், அந்தச் சொல்லைத் தேடுபவரைத் தானாக அந்தக் கட்டுரைக்கே கொண்டுபோகும் வழிமாற்றுப் பக்கம் ஒன்றை உருவாக்குங்கள். விவாதமே தேவைப்படாது.

மூன்றாவது, சாதி. அரசர்கள், புலவர்கள், விடுதலைப் போராட்ட வீரர்கள் கட்டுரைகளில் இவர் எங்கள் சமூகத்தவர் என்று ஒரு வரி சேர்ப்பதும், அதை இன்னொருவர் வந்து மாற்றுவதும் தொடர்ந்து நடக்கிறது. ஆங்கிலத்தில் தெற்காசியச் சாதிகள் பற்றிய கட்டுரைகளுக்கு 2012-லிருந்தே தனிக் கட்டுப்பாடுகள் இருக்கின்றன என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளுங்கள். புதியவர்களுக்கு என் யோசனை எளிது: முதல் ஆறு மாதம் அந்தப் பக்கமே போகாதீர்கள். எவ்வளவு நல்ல சான்றோடு போனாலும், புதுக் கணக்கு என்ற ஒரே காரணத்துக்காகச் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். அதற்கு அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

எந்திர மொழிபெயர்ப்பு இன்னொன்று. "ஆங்கிலத்தில் எழுபது லட்சம் கட்டுரை இருக்கிறதாமே, அப்படியே கருவியில் போட்டுத் தமிழாக்கிவிடலாமே" என்று மாதத்துக்கு ஒருவர் கேட்காமல் இருப்பதில்லை. 2009, 2010 வாக்கில் கூகுள் தன் மொழிபெயர்ப்புக் கருவியைக் கொண்டு, ஆட்களை அமர்த்தி, ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் சேர்க்கும் திட்டம் ஒன்றை நடத்தியது. கட்டுரைகள் நீளநீளமாக வந்தன, வாசிக்க முடியவில்லை. தமிழ் விக்கிப்பீடியர்கள் அதன் குறைகளைத் தொகுத்து 2010-ல் போலந்தின் கதான்ஸ்க் நகரில் நடந்த விக்கிமேனியா மாநாட்டிலேயே எடுத்துவைத்தார்கள். இந்தக் கதை தெரியாமல் ஒருவர் வந்து அதே யோசனையைப் புத்தம் புதிதுபோலச் சொல்லும்போது, பழையவர்கள் பெருமூச்சு விடுவது அதனால்தான். அதே சமயம், இன்றைய கருவிகள் அன்றைய கருவிகள் இல்லை. அன்றைய குறைகளை ஒவ்வொன்றாக எடுத்து, இன்று எது தீர்ந்திருக்கிறது, எது தீரவில்லை என்று ஒரு பத்தியைச் சான்றாக வைத்துப் பேசினால் அது புதிய விவாதம். கேட்பார்கள்.

முடிந்த விவாதத்தைத் திறக்கச் சரியான காரணம் எது என்பதற்கு நல்ல உதாரணம் இரும்பு. தமிழ்நாட்டில் இரும்பின் காலம் பற்றி, கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறை அகழாய்வை வைத்துக் கி.மு. 2172 என்று 2022-ல் அரசு அறிவித்தது. 2025 சனவரியில் தமிழ்நாடு தொல்லியல் துறை வெளியிட்ட அறிக்கை, தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் கிடைத்த மாதிரியை வைத்துக் கி.மு. 3345 வரை கொண்டுபோனது. இப்படி ஓர் அறிக்கை கையில் இருந்தால், முந்தைய உரையாடல் எவ்வளவு தீர்க்கமாக முடிந்திருந்தாலும் சரி, தயங்காமல் திறக்கலாம். "தமிழ் இருபதாயிரம் ஆண்டு பழையது, எல்லோருக்கும் தெரியும்" என்பது அந்த வகையில் சேராது.

கேள்வியை எழுதுவது

இரண்டு மாதிரிகளைப் பாருங்கள். இரண்டும் நான் எழுதியவை. ஆனால் முதல் வகையை எந்த மாதத்து ஆலமரத்தடியிலும் பார்க்கலாம்.

தலைப்பு: அவசரம்!!!
"ஏன் தமிழ் விக்கியில் யாருக்கும் புரியாத தமிழ்? ஜூலையைக்கூட விட்டுவைக்க மாட்டீர்களா? இதனால்தான் யாரும் தமிழில் படிப்பதில்லை. நிர்வாகிகள் உடனே பதில் சொல்ல வேண்டும்."

தலைப்பு: ஜூலை / சூலை: நாள் கட்டுரைகளுக்கு வழிமாற்று
"வணக்கம். மாதப் பெயர்களில் கிரந்தம் தவிர்ப்பது பற்றிய முந்தைய உரையாடலைப் படித்தேன், இணைப்பு கீழே. அந்த முடிவை மாற்றக் கோரவில்லை. ஜூலை 1, ஜூலை 2 என்று தேடி வருபவர்களுக்கு எல்லா நாட்களுக்கும் வழிமாற்று இருக்கிறதா என்று பார்த்தேன். சிலவற்றுக்கு இல்லை. அவற்றை நான் உருவாக்கலாமா? ஒரு வாரத்துக்குள் மறுப்பு இல்லையென்றால் தொடங்குகிறேன்."

முதல் கேள்விக்குப் பத்துப் பதில் வரும், அதில் எட்டு சண்டை. இரண்டாவதற்கு ஒரே ஒரு 'விருப்பம்' விழும், "தாராளமாகச் செய்யுங்கள்" என்று ஒருவர் எழுதுவார். வேலை முடிந்ததும் நீங்களே கீழே வேலை முடிந்தது என்று காட்டும் 'ஆயிற்று' வார்ப்புருவைப் போட்டுவிடலாம். இரண்டு பேருக்கும் உள்ளுக்குள் இருப்பது ஒரே வருத்தம்தான், தேடுகிறவனுக்குக் கிடைக்கவில்லையே என்பது. இரண்டாமவர் பழைய உரையாடலைச் சுட்டினார், எதைக் கேட்கவில்லை என்பதையும் சொன்னார், வேலையைத் தானே ஏற்றுக்கொண்டார். மூன்றாவதுதான் முக்கியம். "யாராவது செய்யுங்கள்" என்று முடியும் கோரிக்கைகள் ஆலமரத்தடியில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும்.

சில சிறு விஷயங்கள். தலைப்பிலேயே பொருள் தெரிய வேண்டும். 'உதவி', 'ஐயம்', 'முக்கியம்' என்று வைத்தால் நாளைக்கு அதைத் தேடி எடுக்க யாராலும் முடியாது. எழுதி முடித்ததும் கையொப்பம் இடுங்கள். 'பதிலளி' இணைப்பு வழியாக எழுதினால் அது தானாக விழும், தொகுப்புப் பெட்டியில் எழுதினால் நான்கு அலைக்குறிகளை (~~~~) அடுத்தடுத்துப் போட வேண்டும். மற்றவர்களை அவர்கள் பயனர் பெயரைச் சொல்லி, நீங்கள் என்று விளித்தால் போதும். சார், மேடம், தம்பி எல்லாம் வேண்டாம். அந்தப் பக்கம் இருப்பவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியராகவும் இருக்கலாம், பதினொன்றாம் வகுப்பு மாணவியாகவும் இருக்கலாம்.

பதில் வராதபோது

ஒரு வாரம் பொறுங்கள். பதில் சொல்ல வேண்டியவர் டொராண்டோவில் தூங்கிக்கொண்டிருக்கலாம், சேலத்தில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருக்கலாம். ஒரு வாரம் கழித்து அதே இழையின் கீழேயே ஒரு வரி எழுதுங்கள். அந்தத் துறையில் எழுதுகிற ஒருவரின் பயனர் பெயரை இணைப்போடு குறிப்பிட்டால் அவருக்கு அறிவிப்பு போகும். ஒருவர், மிஞ்சினால் இருவர். பதினைந்து பேரைக் கூப்பிட்டால் பதினைந்து பேரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுவார்கள்.

வாட்சப் குழுவில் இணைப்பைப் போட்டு, "எல்லோரும் போய் ஆதரவு என்று எழுதுங்கள்" என்று மட்டும் செய்துவிடாதீர்கள். இங்கே நடப்பது தலை எண்ணும் வாக்கெடுப்பு இல்லை. நேற்றுத் தொடங்கிய பத்துக் கணக்குகள் வரிசையாக வந்து ஆதரவு தெரிவித்தால், அவை ஒருவரே பல பெயர்களில் நடத்தும் கைப்பாவைக் கணக்குகளா என்ற விசாரணையில் போய்த்தான் அது முடியும். உங்கள் நல்ல வாதமும் அதோடு சேர்ந்து போய்விடும்.

உங்கள் தொகுப்பை யாராவது மீளமைத்தால்

நீங்கள் மாற்றினீர்கள், அவர் பழையபடி ஆக்கினார். அடுத்த வேலை மறுபடியும் மாற்றுவது இல்லை, பேச்சுப் பக்கத்துக்குப் போவது. முதலில் வரலாற்றைத் திறந்து, அவர் எழுதிய தொகுப்புச் சுருக்கத்தைப் படியுங்கள். 'சான்று இல்லை', 'காப்புரிமை மீறல்', 'விளம்பரம்' என்று ஏதாவது இருக்கும். நாளிதழிலிருந்து ஒரு பத்தியை வெட்டி ஒட்டியிருந்தால் அதற்கு மேல்முறையீடே கிடையாது, சொந்த நடையில் திரும்ப எழுத வேண்டியதுதான். ஒன்றும் எழுதாமல் மீளமைத்திருந்தால், காரணம் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. "என் தொகுப்பில் என்ன குறை என்று தெரிந்தால் திருத்திக்கொள்வேன்" என்று கேளுங்கள். "நீங்கள் யார் இதை நீக்க" என்று தொடங்கினால் அது தொகுப்புப் போராகி, கடைசியில் பக்கத்தைப் பூட்டிவிடுவார்கள்.

தன்னைப் பற்றியோ தன் நிறுவனத்தைப் பற்றியோ எழுதிய கட்டுரை நீக்கப்பட்டது என்று வருகிறவர்கள் தனி வகை. அவர்களுக்கு ஒரே பதில்தான்: உங்களைப் பற்றி, உங்களோடு தொடர்பில்லாத இரண்டு மூன்று நம்பகமான இதழ்களோ நூல்களோ விரிவாக எழுதியிருந்தால், வேறு யாராவது கட்டுரை எழுதுவார்கள். அதுவரை பொறுத்திருக்க வேண்டும்.

பதில் சொல்லும் இடத்துக்கு நீங்கள் வரும்போது

தொடர்ந்து எழுதினால் ஓர் ஆண்டில் நீங்களும் பழையவர் ஆகிவிடுவீர்கள். அப்போது ஒருவர் வந்து கிரந்தம் பற்றிக் கேட்பார். கை பரபரக்கும். ஆங்கில விக்கிப்பீடியாவில் 2007-க்குப் பிறகு முனைப்பான பங்களிப்பாளர்கள் குறையத் தொடங்கியதை ஆராய்ந்தவர்கள் 2013-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நல்ல எண்ணத்தோடு வந்த புதியவர்களின் தொகுப்புகளையும் தானியங்கிக் கருவிகளும் கறாரான விதிகளும் தள்ளிவிட்டதும், வந்தவர்கள் திரும்பி வராததும் அதற்குப் பெரிய காரணம் என்று அவர்கள் கண்டார்கள். தமிழ் விக்கிப்பீடியா அந்த இழப்பைத் தாங்காது. 2017-ல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சிகள் நடந்தபோதும், பிறகு வேங்கைத் திட்டம் போன்ற போட்டிகளின்போதும் ஒரே சமயத்தில் கும்பலாகப் புதியவர்கள் வந்தார்கள். அவர்களில் தங்கியவர்கள்தான் இன்று பல துறைகளைத் தாங்குகிறார்கள்.

ஆகவே, பதிலை இரண்டு வரியில் முடியுங்கள். முதல் வரியில் கேள்விக்கான விடை, இரண்டாவது வரியில் பழைய உரையாடலுக்கு இணைப்பு. இணைப்பை மட்டும் எறிந்துவிட்டுப் போனால் கதவைச் சாத்தியதுபோல இருக்கும். "இது ஏற்கெனவே பலமுறை பேசியாயிற்று" என்ற வாக்கியத்தைத் தொடாதீர்கள், கேட்டவருக்கு அதில் ஒரு தகவலும் இல்லை. சலிப்பாக இருந்தால் பதிலே சொல்லாமல் விட்டுவிடுங்கள், வேறொருவர் சொல்வார். அதில் குற்றம் எதுவும் இல்லை.

நேரம் இருந்தால் இன்னொன்றும் செய்யலாம். ஒரு விவாதம் அடங்கியதும், என்ன முடிவு, எந்தத் தேதியில், என்ன காரணத்துக்காக என்று மூன்று வரியில் எழுதி அதே தலைப்பின் கீழே வையுங்கள். ஒரே கேள்வி மூன்றாம் முறை வந்துவிட்டால், அந்தப் பேச்சுப் பக்கத்தின் உச்சியில் கேள்வி பதிலாகவே போட்டுவிடலாம். நபிகள் நாயகம் பற்றிய ஆங்கிலக் கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில், படங்கள் ஏன் இருக்கின்றன என்பது முதலான கேள்விகளுக்கு அப்படித்தான் பதில் எழுதி வைத்திருக்கிறார்கள். கேட்டவர்களின் பெயரை மட்டும் அதில் சேர்க்காதீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் கோபத்தோடு வந்து கேட்ட அந்தப் புதியவர் இப்போது நிர்வாகியாக இருக்கக்கூடும்.